சும்மா இருந்த ராத்தாவின் சம்பளம்

ராத்தா,

நேற்று சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீட்டில், சேர்ந்துண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். சோற்றில் கை வைத்ததும் விளிம்பிலிருந்து பழைய கொழுப்பு நாறியது. மச்சானின் வாடகைக்கடைச் சஹன்தான். நீங்கள் உயிரோடிருந்து கழுவியவரை, அதில் தேய்த்த தேசிக்காய்த் தோல்தான் மணக்கும்.

கதிரை, சமையல் கிடாரம், சஹன் எல்லாம் வாடகைக்கு விடும் அந்தக் கடையின் பாதி வேலை உங்களுடையது. யாராவது கேட்டால் உங்கள் கணவரான மச்சான், "அவ சும்மா வீட்ட இரிக்கா" என்பார். கண் ஒப்பரேசனுக்குக் காசு கேட்டீர்கள். "தொழில் படுத்துக் கிடக்கு" என்றார். அதே ஆண்டு வரிக் கணக்கில் தனக்கொரு சம்பளம், உங்களுக்கொரு சம்பளம் என்று செலவு காட்டியிருந்தார்!

கணக்கியல் வகுப்பில் நான் சொல்வதுபோலச் சொன்னால், தன் தோட்டத்துத் தேங்காயைத் தானே தின்றவன் அதைச் செலவென்று எழுத முடியாது. முதலாளி எடுப்பது இலாபம். மச்சானின் சம்பளத்தை வரி அதிகாரி உடனே வெட்டினார். உங்கள் சம்பளம் மெய்தானா என்று பார்க்க இருவரையும் அழைத்தார். தம்பி என்று துணைக்கு நானும் வந்தேன்.

அங்கே மச்சானுக்கு வந்த நாவன்மையை என்னவென்பது!

"கதிரை எண்ணுற இவ, கிடாரம் கழுவுற இவ, ஓடர் எடுக்கிற இவ. இவ இல்லாட்டிக் கடையே இல்ல சேர்."

இத்தனை காலம் கண்ணில் படாத வேலையெல்லாம் வரி என்றதும் பளிச்சென்று தெரிந்துவிட்டது, அந்தப் பெரிய மனிதருக்கு.

அதிகாரி உங்களைப் பார்த்தார். "சம்பளம் மாசாமாசம் கைக்கு வருதா அம்மா?"

"வேலை உண்மை சேர். சம்பளத்தத்தான் நானும் தேடுறன்."

அதுவும் வெட்டுப்பட்டது. வரும் வழியெல்லாம், "வீட்டு மானத்த வித்துட்டா" என்று மச்சான் குமுறினார். காசைக் கொடுத்திருந்தால் கணக்கு மெய்யாகியிருக்கும். அது மட்டும் அவருக்குத் தோன்றவேயில்லை.

அடுத்த கல்யாணத்துச் சஹன்கள் முற்றத்தில் ஈ மொய்த்துக் கிடந்தன.

"என்ன கா, கழுவல்லியா?" என்றார் மச்சான்.

"நான் சும்மா வீட்ட இரிக்கிறவதானே."

அந்த மாதமே சம்பளம் உங்கள் கைக்கு வந்தது. அதைச் சேர்த்துத்தான் கண் ஒப்பரேசனைச் செய்தீர்கள்.

இப்போது என் மகன் போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறான். மருமகள் பகல் முழுக்க மெசினடியில் நிற்கிறாள். வரிக் கணக்கில் அவள் பெயரில் சம்பளம் எழுதப் போவதாக இன்று காலை சொன்னான்.

"முதல்ல அவட கையில குடு. மறுகா எழுது" என்றேன்.

"காசு வீட்டுக்குள்ளதானே வாப்பா சுத்துது?"

மச்சானின் அதே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, காசு அவள் கைக்குப் போகும்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தேன்.