உமிச் சுவர் வைத்த லாரி

நண்பா,

நேற்றுக் காலை உன் லாரியின் உள்பலகைகளைக் கழற்ற ஆரம்பித்தேன். முதல் பலகையை நெம்பி எடுத்ததுமே வாசனை வந்துவிட்டது. காய்ந்த உமி, தார்க் காகிதம், கொஞ்சம் பைன் இலை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. ஆடி மழையில் மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அன்றைக்கு வராத அழுகை, நேற்று உமி வாசனைக்கு வந்தது.

நன்றாக இருக்கிற சுவரை எதற்குடா பிரிக்கிறாய் என்று கேட்பாய். உன் மனைவி மரகதத்துக்காகத்தான். மழை விட்டும் அவளுடைய இருமல் விடவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். எனக்குச் சொன்ன அதே டாக்டர், அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதையே சொன்னார். நெஞ்சில் க்ஷயம் பிடித்திருக்கிறது, ரங்கூன் ஈரம் ஆகாது, குளிர்காலம் முழுக்க மலைக்காற்றில் இருந்தால் தேற வழி உண்டு. உண்டு என்றுதான் சொன்னார், தேறிவிடுவாள் என்று சொல்லவில்லை. எனக்கும் அப்போது அவ்வளவுதானே சொன்னார்.

நான்கு வருஷத்துக்கு முன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, கியாக்டடாப் பேட்டையில் நான் எழுத்துக்கோத்த அச்சாபீசின் வாசலில் நின்றேன். நீ ஐஸ் வண்டியோடு அந்தப் பக்கம் வந்தாய். மலைமேல் கலோ ஊரில் இருமுகிறவனுக்கு வாடகைக்கு அறை தரமாட்டார்கள், கூடாரத்தில் கிடந்தால் விறைத்துப்போவான், அதனால் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சொன்னேன். நீ ஐஸ் மேல் மூடியிருந்த சாக்கைக் கொஞ்சம் விலக்கினாய்.

"இது காலைல ஏத்துனது. மணி என்ன ஆச்சு இப்ப? கரைஞ்சிருக்கா பாருங்க அச்சுக்காரரே."

கரையவில்லை. அதற்கும் எனக்கும் என்ன என்றேன்.

"வெயிலு உள்ள போகாத பெட்டி செய்யத் தெரிஞ்சவனுக்கு, குளிரு உள்ள போகாத பெட்டி செய்யத் தெரியாதா? பெட்டி ஒண்ணுதான்யா. உள்ள ஐஸுக்குப் பதிலா நீரு."

உன்னைவிட இரண்டு வயது சின்னவன் நான். ஆனாலும் கோபமோ கிண்டலோ வந்தால் 'நீரு' என்பாய். அன்றைக்கு இரண்டும் வந்திருந்தது.

சண்டை முடிந்து பட்டாளம் கழித்துப்போட்ட லாரி ஒன்று ஐஸ் கம்பெனிக் கொட்டகையில் கிடந்தது. அதை எப்படிக் கேட்டு வாங்கினாய் என்று கடைசிவரை நீ சொல்லவில்லை. குளிர்காலத்தில் ஐஸ் கேட்பார் குறைவு, மூன்று மாதம் லீவு கிடைத்தது. மரகதம் ஒரு சொல் தடுத்துச் சொல்லவில்லை. பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் ஜாடி ஜாடியாகக் கட்டிக் கொடுத்து, "அண்ணனைக் கொண்டுபோயி உசிரோட கொண்டாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேலையைத் தொடங்கினாய். வெளியே ஒரு பலகை, உள்ளே ஒரு பலகை, நடுவே நான்கு விரல் இடைவெளி. ஆற்றோரத்து அரிசி மில்லிலிருந்து உமி அள்ளி வந்து, மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பூச்சி வராமலிருக்க வேப்பிலைத் தூள் கலந்து அந்த இடைவெளியில் கொட்டினாய். கூரையிலும் உமி, அதன் மேல் தார்க் காகிதம், அதற்கும் மேல் வெள்ளை அடித்த கித்தான். தரைக்குச் சாக்கும் கயிற்றுப் பாயும். கதவுச் சந்துகளில் பழைய சைக்கிள் டியூபைக் கீறி ஒட்டினாய். ஜன்னல் விஷயத்தில்தான் சண்டை வந்தது. காற்று வேண்டும் என்பது டாக்டர் பேச்சு, ஓட்டை கூடாது என்பது உன் பேச்சு. கடைசியில் என் தலைமாட்டுக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்கு மனசில்லாமல் திறந்துவிட்டாய்.

உள்ளே கங்குச் சட்டி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு நீ பதறிய பதற்றம் இன்னும் கண்ணில் நிற்கிறது. "மூடுன பெட்டிக்குள்ள கங்கு வெச்சா, படுத்தவன் எந்திரிக்கமாட்டான்" என்றாய். த்வாண்டே ஊர் மண்ஜாடிகள் இரண்டில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, காலடியில் வைப்பது என்று முடிவாயிற்று. முன் சீட்டில் படுக்க உனக்கு உன் பட்டாளத்துக் கம்பளி இருந்தது. காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. ஏலத்தில் எடுத்தது. அதைத் தொட்டுப் பார்க்காத ஆள் நம் தெருவில் கிடையாது, நீ விடமாட்டாய்.

ஐந்து நாள் ஓட்டினோம். டாங்கூவைத் தாண்டி ஒரு சாயாக்கடையில் நிறுத்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? கோழிகள் ஓடிவந்து லாரிக்கு அடியில் புகுந்து கொத்தின. "நம்ம வண்டிக்குக் கோழிகூட மரியாதை பண்ணுது" என்று நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அடுத்து நிறுத்திய ஊரிலும் கோழி வந்தது. அப்போதும் சிரித்தோம். நம் இரண்டு பேரில் ஒருவனுக்காவது குனிந்து பார்க்கத் தோன்றவில்லை.

கலோவில் முதல் விடியலில் எனக்குப் பல் கிடுகிடுத்தது. வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. நீ உள்ளே வந்து சுவரில் கையை வைத்தாய். இடுப்புக்குக் கீழே பலகை கதகதப்பாக இருந்தது. மேலே போகப் போக ஜில்லென்று, தோளுயரத்தில் ஐஸ் மாதிரியே இருந்தது. பலகையைத் தட்டினாய், காலிப் பெட்டிச் சத்தம். நேரே வெளியே போய் லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்தாய். திரும்பி வந்தபோது உன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"தண்ணி வடிய ஓட்டை போட்டிருக்கேன்யா."

எனக்குப் புரியவில்லை.

"ஐஸ் பெட்டின்னா, கரையிற தண்ணி உமியில நின்னு அழுகிடப்படாதுன்னு சுவத்துக்குக் கீழ ஓட்டை விடுவோம். கை பழக்கத்துல இதுக்கும் போட்டுட்டேன். வழியெல்லாம் உமி கொட்டிக்கிட்டே வந்திருக்கு."

இருமல் வரும்வரை சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஊருக்குள் வண்டி ஓட்டுகிறவன் மலைக்கு ஓட்டவந்தேனே, உன்னைக் கொல்லவா கூட்டிவந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாய். ஓட்டைகளை அடைத்து மறுபடி உமியைக் கொட்டினால் போதும் என்றாய். அந்த ஒரு விஷயத்தில்தான் நான் உனக்கு உதவினேன். அச்சாபீசில் வெறும் இடத்தைக்கூட ஈயத்துண்டு வைத்து நிரப்பித்தான் சட்டத்தை இறுக்குவோம், தளர்வாக விட்டால் தூக்கும்போது எழுத்தெல்லாம் கொட்டிப்போகும், உமியைச் சும்மா கொட்டினால் குலுங்கிக் குலுங்கி இறங்கத்தான் செய்யும், சின்னச் சின்ன மூட்டையாகத் தைத்து வரிசையாக அடுக்கி இறுக்கு என்றேன். படுத்தபடியேதான் சொன்னேன். நீ எழுந்து நின்று கேட்டாய்.

கீழே பஜாரில் காய்கறி விற்ற பர்மாக்காரி டோ மியா நெல் குத்தும் வீட்டைக் காட்டினாள். நம் லாரியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சான்டே, சான்டே" என்று தானே நடுங்கிக் காட்டினாள். குளிருதே என்கிறாள் என்று நீ எனக்குச் சொன்னாய். சாக்குகளும் அவளே கொடுத்தாள். கிடைத்த உமி பாதிக்குத்தான் வந்தது, மீதிக்குக் காய்ந்த பைன் இலையைத் திணித்தாய். கோணி ஊசியைப் பிடித்து மூன்று பகல் தைத்தாய். உன் தையலைப் போலக் கோணலான தையலை நான் பார்த்ததில்லை, அதை அப்போதே சொன்னேன். கடைசி நாள் பலகையெல்லாம் அடித்து முடித்துவிட்டு வந்து, கம்பளியைப் பஜாரில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்றாய்.

அன்றைக்கு நான் உன்னைத் திட்டியது கொஞ்சமா? அத்தனை பேருக்குக் காட்டிக் காட்டித் தொலைத்தாயே, முன் சீட்டில் எப்படிப் படுப்பாய் என்றேன். "பதினொரு வருசமா ஐஸ் கம்பெனிக்குள்ள நிக்கிறேன். எனக்கெங்க குளிரப் போகுது?" என்றாய். நான் நம்பினேன். பெட்டி அதற்கப்புறம் கதகதவென்று இருந்தது. மாசிவரை அதிலேயே இருந்தேன். ஒரு நாள் மேட்டுக்கு நடந்து போய்த் திரும்பி வந்து, இருமாமல் பேசினேன். நீ வானத்தைப் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தாய். திரும்பி வரும்போது சமதரையில் ஸ்டீரிங்கை என் கையில் கொடுத்தாய். ஊருக்கு வந்து எனக்குச் சீதாவைப் பேசி முடித்ததும் நீதான். அந்தக் கல்யாணப் பந்தியிலும் விடவில்லை நான். கம்பளியைக் காப்பாற்றத் தெரியாத ஆள் என் கல்யாணத்துக்குச் சாமான் காவலா என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

நேற்று ஒவ்வொரு மூட்டையாக எடுத்துப் பார்த்தேன். எலி கடித்தது ஏழு, ஈரம் கண்டது நான்கு. மற்றதெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி, ஒரு விரல்கூட இறங்காமல் இருந்தது. தலைமாட்டுப் பக்கத்துக் கடைசிப் பலகையை மத்தியானம் கழற்றினேன். அங்கே இருந்த மூன்று மூட்டை சாக்கு இல்லை. காப்பிக்கொட்டை நிறம். ஒன்றின் ஓரத்தில் சிவப்புக் கோடு.

சாக்கு தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் போர்வையில் பாதியைக் கொடுத்திருப்பேனே. அது தெரிந்துதான் சொல்லவில்லை, இல்லையா? உறைபனியில் இரண்டரை மாதம் இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டில் கிடந்திருக்கிறாய். நான் உள்ளே வெந்நீர் ஜாடியில் காலை வைத்துக்கொண்டு உன்னை ஏசிக்கொண்டிருந்தேன். நண்பா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் மேல் கோபமாகவும் இருக்கிறது. அந்தக் கல்யாணப் பந்திப் பேச்சை இப்போது எங்கே போய்த் திரும்ப வாங்குவேன்?

மூன்று மூட்டையையும் மரகதத்திடம் கொண்டுபோனேன். மடியில் வைத்து, தையலின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பஜார்ல களவு போச்சுன்னுதான் எங்கிட்டயும் சொன்னாரு அண்ணே. நாலு நாளு பேசாம இருந்தேன்" என்றாள்.

பிரித்துத் துவைத்துத் தரட்டுமா, போர்த்திக்கொள்கிறாயா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நானெல்லாம் மலைக்கு வரவில்லை, நடக்கிறது இங்கேயே நடக்கட்டும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். நானும் சீதாவும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

"இருந்த எடத்துலயே வெச்சுப் பலகைய அடிங்க. நான் அந்தப் பக்கந்தான் தலை வெச்சுப் படுக்கணும்" என்றாள்.

ராத்திரிக்குள் சீதா பதினொரு புது மூட்டை தைத்துவிட்டாள். அவள் தையல் நேராக இருக்கிறது, உனக்குப் பிடிக்காது. இன்று காலை எல்லாவற்றையும் அடுக்கி, தட்டித் தட்டி இறுக்கி, பலகை அடித்தேன். தார்க் காகிதம் புதிது. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் அடைத்தபடியே இருக்கிறது. நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். வழியில் எந்தக் கோழி ஓடிவந்தாலும் முதலில் இறங்கிக் குனிந்து பார்ப்பேன். அவளை உயிரோடு கொண்டுவருவேன் என்று உனக்கு எழுதிக்கொடுக்க என்னால் முடியாது. உன்னாலும் அன்றைக்கு முடியவில்லை, ஆனால் கொண்டுவந்தாய். மாசிவரை அந்தப் பெட்டிக்குள் குளிர் நுழையாது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மரகதமும் சீதாவும் உள்ளே படுப்பார்கள், நான் முன் சீட்டில். என் கம்பளியையும் மடித்து அவர்கள் படுக்கையிலேயே வைத்துவிட்டேன். உங்களுக்குக் குளிருமே என்றாள் சீதா. இத்தனை வருஷம் அச்சாபீசில் ஈயம் உருக்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற உடம்பு இது, எனக்கெங்கே குளிரப் போகிறது என்றேன். நம்பிவிட்டாள்.