பொடிச்சிக்குச் சத்தி

நவம்பர் 3

எங்கட பூனை பொடிச்சி இன்றைக்கும் சத்தி எடுத்தாள். தின்ற சோறும் மீனும் அப்படியே முழுசாக. இந்தக் கிழமை முழுக்க இதே வேலைதான். "பூனையெண்டா சத்தி எடுக்கும்தான், விடு புள்ள," என்கிறார் இவர். எனக்கு மனம் கேட்கவில்லை.

நவம்பர் 5

பாலத்துக்கு அந்தப் பக்கம் கிளினிக் வைத்திருக்கும் மிருக வைத்தியர் ஸகியாவுக்குப் போன் எடுத்தேன். பூனைக்கா இவ்வளவு என்று கேட்பாரோ என்று கூச்சம். அவர் பொறுமையாக விசாரித்தார். தின்ற உடனேயா, பிறகா? என்ன நிறம்? உடனேதான் என்றேன். அள்ளி விழுங்குகிறாள் போல, கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள் என்றார். தீனைத் தொடாமல் படுத்தால் மட்டும் ஒரு நாள்கூடப் பார்த்துக்கொண்டிருக்காமல் கொண்டு வர வேண்டுமாம்.

நவம்பர் 9

சத்தி இல்லை. நேற்றும் இல்லை.

நவம்பர் 14

திரும்பவும். இந்த முறை சோறு இல்லை, மஞ்சள் தண்ணீர். பொரித்த மீனைக்கூட மோந்து பார்க்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் போய்ச் சுருண்டு கிடக்கிறாள். எலிக்கு வைத்த மருந்தைத் தின்றிருப்பாளோ? மழை விடட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்கிறார் இவர். நாளைக்கு இருப்பாளா?

நவம்பர் 15

விடிய, தண்ணீர் பருக்க வாயைத் திறந்தேன். நாக்கின் அடியில் நூல் மாதிரி ஒன்று சுற்றிக் கிடந்தது, மற்றப் பக்கம் தொண்டைக்குள். இவர் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. இவர் தூண்டில் போடுகிற தங்கூசி, நைலோன் நூல். இறால் குத்தி வைத்திருந்ததை இரையோடு விழுங்கியிருக்கிறாள்.

பிடித்து இழுக்கப் போனார். நான் கையைத் தட்டிவிட்டு டொக்டருக்குப் போன் எடுத்தேன்.

"இழுத்துப் போடாதீங்க. குடல அறுத்துடும். அப்படியே கொண்டு வாங்க."

கூடைக்குள் வைத்துத் துவாயால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். பழுகாமத்து றோட்டில் முழங்கால் வெள்ளம். இவர் இறங்கித் தள்ளினார். கூடைக்குள் அசைவே இல்லை - கையை விட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. பாலத்தில் ஏறும்போது, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:

"என்ட தூண்டில், நிருஷா."

நான் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். குடல் சுருங்கி மடிந்து போயிருந்ததாம். இரவு தாண்ட வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

நவம்பர் 16

இருக்கிறாள்.

நவம்பர் 20

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். வயிற்றில் தையல். கரண்டியால் ஊட்டுகிறேன். இவர் பக்கத்தில் வருவதில்லை, வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்.

டிசம்பர் 8

காலையில் குசினிக்குள், அடுப்புப் பக்கம், பொடிச்சி சத்தி எடுக்கிற சத்தம். ஓடினேன். இவர் எனக்கு முந்தி அங்கே, குந்தியிருந்து ஈர்க்கால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிர் உருண்டைதான், வேறு ஒன்றும் இல்லையாம். பிறகு டொக்டருக்கும் போன் எடுத்துக் கேட்டார்.

வெயில் ஏறிவிட்டது. வட்டையில் வயலுக்குக் களை எடுக்க ஆட்கள் காத்திருப்பார்கள். போகல்லையா என்றேன்.

"அவள் தின்னட்டும். போறன்."