வயர்தானே!

என்னங்க,

நீங்க கண்ணு முழிச்சதும் படிக்கணும்னு எழுதறேன். தலைமாட்டிலேயே வைப்பேன். நீங்க ஏணியிலேர்ந்து விழுந்தீங்களே, அந்தக் கடை முதலாளி வந்து அழுதுட்டுப் போனார். எழுந்ததும் அவரைத் திட்டாதீங்க.

ஏசி ரிப்பேருக்குப் போற இடத்திலெல்லாம், "மெஷின் மேல பழி போடாதீங்க, முதல்ல வயரைப் பாருங்க"ம்பீங்களே, டாக்டரம்மாவும் அதையேதான் சொல்றாங்க. குளிருதுன்னு மேல் மூளைக்குத் தெரியுமாம். ஆனா நடுங்கு, தோலுக்குப் போற ரத்தத்தைக் குறைன்னு உடம்புக்கு உத்தரவு இறங்கறது மூளைத்தண்டு வழியாத்தானாம். உங்களுக்கு அடி பட்டது அங்கே. அதனால வார்டு குளிரக் குளிர நீங்களும் சில்லுன்னு ஆயிட்டே போறீங்க.

"வயர்தானே, மாத்திடலாமே?"ன்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். அவங்க சிரிக்கலை. என் தோளைத் தொட்டாங்க.

சூடான காத்து ஊதற போர்வை போட்டிருக்காங்க. "தானா ஒரு தடவை நடுங்கினாக்கூட நல்ல சேதிதான், உடனே கூப்பிடுங்க"ன்னு நர்ஸ் பொண்ணு சொல்லியிருந்துச்சு. உங்க கையை விடாமப் பிடிச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில கை நடுங்கிச்சு! வார்டே திரும்பிப் பார்க்கற மாதிரி கத்திட்டேன். ஓடி வந்த பொண்ணு நம்ம ரெண்டு கையையும் பிரிச்சுப் பார்த்துட்டு மெதுவா சொல்லிச்சு:

"அக்கா, நடுங்கறது உங்க கை."

எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. இங்க ஏசிதான் ஜாஸ்தி. எழுந்து வந்து கொஞ்சம் குறைச்சு வைங்க.

உங்க வீட்டுக்காரி