பலகையின் பின்பக்கம்

நவம்பர் 7
கொழுப்பு கம்பெனி கெல்லெர்ட் இன்று என் விளம்பரப் பலகைக் கடைக்கு வந்தான். இறைச்சிக் கழிவை உருக்கி சோப்புக்கும் எரிபொருளுக்கும் அனுப்புகிறவன். அவனுக்கு முன்னால் அவன் வாசனை வந்து உட்கார்ந்துவிடும். டாங்கர் லாரியில் பச்சை நிறத்தில் ‘மனிதர் உண்ணத் தகாதது’ என்று போட வேண்டும் என்பது சட்டம். பெயின்ட் வேண்டாம், காந்தத் தகடு போதும் என்றான்.

“அந்த எவர்சில்வர் டாங்கில காந்தம் ஒட்டாது தம்பி.”

அவன் முகம் தொங்கியது. உடனே என் மேதாவித்தனம் விழித்துக்கொண்டது. ஒரு ஃபிரேம் அடித்து, பலகையைச் சொருகி எடுக்கிற மாதிரி செய்யலாமே!

“வில்மா அக்கா, உனக்கு இடுப்பைவிட மூளை பெருசு.”

என் இடுப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று.

நவம்பர் 15
பலகையின் பின்பக்கம் மொட்டையாக இருக்கிறதாம். அங்கே வெள்ளைப் பின்னணியில் ‘உணவுக்கான பன்றிக் கொழுப்பு’ என்று எழுதச் சொன்னான். எதற்கு என்று கேட்டேன்.

“கழுவிட்டு வேற லோடு ஏத்துவோம். எழுத்துதான் உன்னோடது அக்கா, லாரி என்னோடது.”

சிரித்தான். நானும் சிரித்தேன். எழுதியும் கொடுத்தேன். நான் எதற்குச் சிரித்தேன்?

நவம்பர் 16
எழுத்து நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதுதான் எரிச்சல்.

டிசம்பர் 2
என் வீட்டுக்காரர் டேனெஷ் மஃப்ளரை மறந்துவிட்டுப் போனார். கொடுக்கப் போனேன். ஊர் பேக்கரியில் அடுப்புக்கு அவர்தான் ராஜா. பள்ளிக்கூடத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் அங்கிருந்துதான் கொழுப்புப் போட்டுப் பிசைந்து சுடுகிற பொகாச்சா ரொட்டி போகிறது.

பின்கட்டில் கெல்லெர்ட்டின் லாரி. குழாய் பேக்கரித் தொட்டிக்குள். சற்று முன் என் கடையைத் தாண்டும்போது பச்சைப் பக்கம் தெரிந்த அதே லாரி. இப்போது வெள்ளைப் பக்கம். கழுவ எங்கே நேரம்?

“கொழுப்பு எப்படி இருக்கு?” என்று டேனெஷிடம் சும்மா கேட்டு வைத்தேன்.

“ரெண்டு வாரமா உறையவே மாட்டேங்குது. மெழுகுவத்தி நாத்தம். சீரகத்தைத் தூக்கலாப் போட்டா தெரியாது.”

டிசம்பர் 3
மாவட்ட உணவு ஆய்வு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பெயர் சொல்லவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன், மட்டமான துப்பறியும் நாடகத்தில் வருகிறவள் மாதிரி.

டிசம்பர் 9
எதிர்ப்பக்கத்துப் பூக்கடை ரோஸி வந்தாள். ஊர்ச் செய்தியெல்லாம் அவளிடம் பிறந்துதான் மற்றவர்களிடம் வளரும். கம்பெனிக்கு அதிகாரிகள் வந்தார்களாம். எல்லா லாரியிலும் பச்சைப் பலகை. காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

டிசம்பர் 10
கெல்லெர்ட். சொருகிச் சொருகிப் பலகைகள் கீறிப்போயினவாம், புதிதாக வேண்டும்.

“யாரோ ஒரு பொம்பளை போட்டுக் குடுத்திருக்கா. சளி பிடிச்ச குரலாம். உனக்கு இப்ப சளி எப்படி அக்கா?”

“எனக்கேது சளி?”

“நல்லது. தினமும் கையெழுத்துப் போட்டு இறக்குறது உங்க வீட்டுக்காரர்தானே? பாவம், நல்ல மனுஷன்.”

அவன் போன பிறகும் கதவுமணி ஆடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் டேனெஷிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

“வெளிய தெரிஞ்சா முதல்ல உள்ள போறது நான்தான். வாயத் தொறக்காத வில்மா.”

“பிள்ளைங்க திங்குதுங்களேய்யா!”

சூப் ஆறியது. மனிதர் சூப்பை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

டிசம்பர் 13
வாயைத் திறக்காதே என்றார். கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டு பக்கமும் பச்சையாகவே அச்சடித்தேன். ஒரு பக்கத்தின் மேல் முழு வெள்ளை ஸ்டிக்கர், ‘உணவுக்கான’ என்ற பொய்யோடு. ஒட்டும் முன் பலகையைத் துடைக்க வேண்டும். எங்கள் தொழிலில் கற்றுக்குட்டிக்கும் தெரியும். நான் துடைக்கவில்லை. வீட்டுக் கொழுப்பை எடுத்து மெல்லத் தடவினேன். ஓரம் மட்டும் பிடிக்கிற மாதிரி ஒட்டினேன்.

கெல்லெர்ட் தூரத்தில் பிடித்துப் பார்த்து ரசித்தான். ஒரு மழை போதும்.

டிசம்பர் 14
பனி.

டிசம்பர் 16
காய்ந்த பனி. பிள்ளைகள் பொகாச்சாவைக் கடித்துக்கொண்டே கடை வழியாகப் போகின்றன. ஒருத்தி எனக்குக் கையசைத்தாள். நான் வானத்தைத் திட்டினேன்.

டிசம்பர் 19
மழை!

பேக்கரி வரிசையில் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பின்கட்டில் லாரி தெரியும். வெள்ளைத் தாள் மேல்முனையில் கழன்று, மடங்கி, குளித்து வருகிறவன் இடுப்புத் துண்டு போல மொத்தமாக நழுவியது.

“மனிதர் உண்ணத் தகாதது,” என்று ரோஸி உரக்கப் படித்தாள். “அடப்பாவிகளா!”

டிரைவர் பாய்ந்து பலகையை உருவித் திருப்பிச் சொருகினான். அங்கும் பச்சை. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. டேனெஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம்!

பிறகு போய்க் குழாயை மூடினார்.

“இவ்வளவு நாளா இதைத்தான் பிசைஞ்சேன்,” என்றார் வரிசையைப் பார்த்து. “போன வாரத்துலேருந்து தெரிஞ்சே பிசைஞ்சேன்.”

அதைச் சொல்லச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜனவரி 11
லாரிகளுக்கு சீல் வைத்தாயிற்று. கெல்லெர்ட் கைதாகி, ஜாமீனில் வெளியே வந்தாயிற்று. டேனெஷுக்கு வேலை போயிற்று, வழக்கு இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. மீதிப் பேர் எனக்கு.

நேற்று யாரோ கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். அட்டை வைத்து அடைத்திருக்கிறோம். ‘கடை திறந்திருக்கிறது’ என்று அவரே எழுத்து வெட்டி அதில் ஒட்டினார். ஒவ்வொரு எழுத்தும் புளித்த மாவு மாதிரி உப்பியிருக்கிறது. நான் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. எனக்கே ஆச்சரியம்.

காலையிலிருந்து எதிரே ஒரு கார் நிற்கிறது. எஞ்சின் ஓடுகிறது. யாரும் இறங்கவில்லை.

டேனெஷ் நாற்காலியை வாசலைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

“யார் உள்ள வந்தாலும் முதல்ல என்னைப் பாக்கட்டும்.”

“கொஞ்சம் தள்ளிப் போடுங்க,” என்று சொல்லி என் நாற்காலியையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.