உன் கை விலகிய தூரம்

நாளைக்கு அரும்பாவூரில் போட்டிருக்கும் புது மனைப்பிரிவுக்குத் திறப்பு. அதற்காக மேசை இழுப்பறையிலிருந்து உன் மவுஸை எடுத்தேன். இரண்டு பொத்தான்களுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் நீ வைத்த குங்குமம் இன்னும் ஒட்டியிருக்கிறது. துடைக்க மனசு வரவில்லை. உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரிந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

சிறுவாச்சூர் மனை ஆபீசுக்கு நாம் இருவரும் எழுதிக் கொடுத்த ப்ரோக்ராமைப் பற்றித்தான். மனைப்பிரிவின் வரைபடம் திரையில் விரியும். எந்த மனை மேல் அம்பை வைத்து அழுத்துகிறோமோ அது சிவப்பாகும், விற்றாயிற்று என்று அர்த்தம். அழுத்திய இடம் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு, மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு என்று கம்ப்யூட்டர் இரண்டு எண்களைக் கொடுக்கும். அவை எந்த மனைக்குள் விழுகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மாடியில், மின்விசிறி ஓடாத அந்த அறையில், இதற்கே எப்படி அடித்துக்கொண்டோம்! பள்ளிக்கூடத்து கிராஃப் தாள் மாதிரி மேலே போனால் எண் கூடும் என்று நான் எழுதிவைக்க, தெற்கே அழுத்தினால் வடக்கே ஒரு மனை சிவந்தது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். "இங்க கீழ போனாத்தான்டி கூடும்" என்றாய். இன்றைக்கும் எனக்கு அது ஒரு நொடி குழம்பித்தான் தெளிகிறது.

ஒப்படைத்த அன்று முதல் மனையை நீதான் அழுத்தினாய். அந்த மனைப்பிரிவு மளமளவென்று விற்றுத் தீர்ந்ததும் உனக்குக் கைராசி என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். பிறகு தா.பழூரில் மனை போட்டாலும் சரி, வேறெங்கே போட்டாலும் சரி, நல்ல நேரம் பார்த்து, உன் மவுஸுக்கே மஞ்சள் குங்குமம் வைத்து, சிறுவாச்சூர் ஆபீசில் நீ வந்து முதல் மனையை அழுத்த வேண்டும். வாங்குகிற குடும்பம் தாம்பூலத் தட்டோடு பின்னால் நிற்கும். படித்த படிப்புக்கு இதுதான் மிச்சம் என்று நீ சிரிப்பாய். நான் உன்னைப் பூசாரி என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

நீ போன பிறகு வந்த முதல் திறப்புக்கு முதலாளி என்னை அழைத்தார். கூடவே இருந்த கை என்பதால் நான்தான் வர வேண்டுமாம். அரியலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் கேட்டது ஏழாம் மனை. கிழக்கிலும் தெற்கிலும் ரோடு உள்ள மூலை மனை. அதன் மேல் அம்பை வைத்து அழுத்தினேன். பக்கத்து ஆறாம் மனை சிவந்தது.

அந்தம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனிடம் மெதுவாக, "அந்த எடம் நம்மள வேணாங்குது போலருக்கு" என்றார். முதலாளி பதிவை நீக்கி, மறுநாள் காலை நல்ல நேரத்தில் திரும்ப வைக்கலாம் என்று சமாளித்தார். நாளைக்கும் தப்பினால் அவர்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று திரை அளவை யாராவது கூட்டியிருக்கிறார்களா? இல்லை. படத்தை நகர்த்தியது கணக்கில் விட்டுப்போயிற்றா? அதுவும் இல்லை. அதே ஏழாம் மனையை இரண்டாவதாக அழுத்தினால் ஒழுங்காகச் சிவக்கிறது. முதலில் அழுத்தினால் மட்டும் தள்ளி விழுகிறது. பைத்தியம் பிடிக்காத குறை. கடைசியில் நீ எழுதிய பகுதியை வரி வரியாகப் படித்தேன். புது மனைப்பிரிவின் முதல் க்ளிக்குக்கு மட்டும், வருகிற இரண்டு எண்களிலிருந்தும் கொஞ்சம் கழித்திருக்கிறாய். திரையில் அது இடப்பக்கம் ஒரு விரல் அகலம், மேல்பக்கம் அரை விரல். எதற்கு? இப்படியொரு தப்பை நீ விடுகிறவள் இல்லையே.

அதற்குள் டீ வந்தது. டம்ளரைத் தூக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. உன் டீ கடைசி மாதங்களில் மேசையில் சிந்திக்கொண்டே இருந்தது. கேட்டதற்கு, சித்திரை வெயிலில் உட்கார்ந்துகொண்டு, "குளிருதுடி" என்றாய். நீ வைத்த கடைசித் திறப்பில் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அழுத்தினாய். பூசாரிக்குப் பயபக்தி கூடிவிட்டது என்று நான் கேலி செய்தேன். அழுத்துகிற நேரத்தில் உன் கை வலப்பக்கம், கீழே இழுத்திருக்கிறது.

அடி பாவி! எவ்வளவு இழுக்கிறது என்று அளந்துகூடப் பார்த்திருக்கிறாய். டாக்டரிடம் கையைக் காட்டாமல் ப்ரோக்ராமைத் திருத்தி வைத்திருக்கிறாய். திருச்சி ஆஸ்பத்திரியில் தலைக்குள் கட்டி என்று சொன்னபோது, உன் அம்மாவும் நானும் அது திடீரென்று வந்ததாக நம்பினோம். எதிர் நாற்காலியில் இருந்த என்னிடம் ஏன் சொல்லவில்லை? தட்டோடு நிற்கிறவர்கள் மனசு கோணக்கூடாது என்றா? பயமா? என் கேலிதான் உன் வாயை அடைத்ததா? எப்படி யோசித்தாலும் விளங்கவில்லை. உன் மேல் வருவது கோபமா அழுகையா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த வரியை அழித்தால் வேலை முடிந்தது. அழிக்கத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

மறுநாள் காலை அதே குடும்பம், அதே தட்டு. அம்பை ஏழாம் மனையில் வைத்தேன். பிறகு வலப்பக்கமும் கீழேயும் நகர்த்தி, ரோட்டின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"அம்மா, ரோட்டு மேல வச்சிருக்கீங்க."

"தெரியுங்க" என்று அழுத்தினேன். ஏழாம் மனை சிவந்தது. அந்தம்மா தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

அதிலிருந்து எல்லாத் திறப்புக்கும் அப்படித்தான் வைக்கிறேன், நாளைக்கும் அப்படித்தான். உன் கை எவ்வளவு தள்ளிப்போனது என்று என் கைக்கு நன்றாகத் தெரியும். அப்போது பக்கத்திலேயே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.