சட்டைக் கை பட்ட பந்து

ரீனோ, ஞாயிறு

அன்புள்ள லொரெய்ன்,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தாயா?

சுரங்கத்தில் மூன்று நாள் விடுப்பு. இங்கே ஒரு சூதாட்ட விடுதியில் பில்லியர்ட்ஸ் போட்டி. யார் வேண்டுமானாலும் ஆடலாம், கட்டணமும் குறைவு என்பதால் வந்தேன். முதல் சுற்றிலேயே, வெற்றியை முடிவு செய்யும் கடைசி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனேன். ஜெயிக்க இரண்டே பந்து பாக்கி. குனிந்தபோது என் தொளதொளச் சட்டைக் கை வெள்ளைப் பந்தில் பட்டுவிட்டது. இங்கே மேசைக்கு மேசை நடுவர் கிடையாது. தப்பு செய்தவன்தான் சொல்ல வேண்டும். சொன்னேன்.

எதிரே ஆடிய மேவிஸ் கிழவி சிரித்தாள். "அட கூறுகெட்டவனே, நான் பாக்கவே இல்லையே! வாய மூடிக்கிட்டு அடிச்சிருக்கலாம்ல?" என்றபடியே, என் தப்பால் தன் முறை வந்ததும் இரண்டையும் குழிக்குள் தள்ளி ஜெயித்துவிட்டாள்.

கை இறுக்கமான என் பழுப்புச் சட்டையை அனுப்பிவை. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். இன்னும் அங்கே என் சட்டைதான் தொங்குகிறதென்றால்.

என் பழைய கூட்டாளி டுவைட்டின் வண்டி தினமும் நம் வாசலில் நிற்கிறதாம், தங்கை எழுதியிருந்தாள். உன் மூன்று கடிதத்திலும் அந்தப் பேச்சே இல்லை.

பஸ் கிளம்பப் போகிறது. நம் இருவருக்கும் நடுவர் கிடையாது, லொரெய்ன். நீயாகத்தான் சொல்ல வேண்டும்.

வெர்னான்