இந்த ஊரில் தண்ணீர் கொதிப்பது

12.6.1984, செண்பகனூர்
காலையிலிருந்து மழை. நிக்கல், மாங்கனீஸ், ஆன்டிமனி மூன்றையும் உருக்கிச் செய்த பதினேழாவது வில்லை தேறிவிட்டது. மின்சாரம் சுமக்கிற எலக்ட்ரான்கள் எல்லாம் இதில் ஒரே பக்கமாகச் சுழலுமாம். எந்தச் சூட்டில் காந்த குணம் போகிறது என்று மூன்று தடவை பார்த்தேன். மூன்றும் ஒன்றே. எங்கள் ஆய்வகத் தலைவர் பரமானந்தம் சார், போன வருஷம் மதுரையிலிருந்து வந்தவர், நோட்டைப் புரட்டிவிட்டு, “கட்டுரைல ரெண்டாவது பேர் உங்களுதுதாங்க, செல்வமேரி” என்றார். லேப் அசிஸ்டென்ட் பெயர் அச்சில்! அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

3.8.1984
சார் நோட்டைக் கேட்டார். கொடுத்தேன்.

20.2.1985
கட்டுரை வந்துவிட்டது. ஒரே பெயர், அவருடையது. கடைசியில், ‘அளவெடுத்த உதவியாளருக்கு நன்றி.’ அந்த உதவியாளருக்குப் பெயர் கிடையாதா? போய்க் கேட்டேன். “டிகிரி இல்லாதவங்க பேரப் போட்டா திருப்பி அனுப்பிருவாங்கம்மா. மனசுல வச்சுக்காதீங்க.” அனுப்பிப் பார்த்தாரா? இல்லை. நோட்டைக் கேட்டப்பவே தெரிஞ்சிருக்கு இவருக்கு — சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனாரே!

21.2.1985
வேலைக்குப் போகவில்லை.

9.7.1985
ஜெர்மனியிலிருந்து சாருக்குக் கடிதம். அவர்கள் செய்த வில்லை முப்பது டிகிரி முன்னாலேயே காந்த குணத்தை இழக்கிறதாம், உங்கள் அளவு தவறு என்கிறார்கள். சார் முகம் செத்துப்போய் வந்தார். “எங்கம்மா தப்பு? வெரசாப் பாத்துச் சொல்லுங்க.”
கட்டுரையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உலை வெப்பமானிக்கு நான் வைத்த குறிகள் இரண்டு: ஐஸ், கொதிக்கும் தண்ணீர். மற்ற சூடெல்லாம் அதை வைத்துத்தான் கணக்கு. இந்த மலை உயரத்தில் தண்ணீர் தொண்ணூற்று மூன்று டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகாமல் காத்துக் கிடக்கும் எங்களுக்கு அதை எழுதி வைக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மெஸ்ஸில் சாப்பிடுகிற சார் அதை நூறு என்று போட்டிருக்கிறார்; அந்த ஏழு டிகிரி தப்பு மேலே போகப் போக முப்பதாகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!
“தெரியலைங்க சார்” என்றேன்.

14.7.1985, ஞாயிறு
பூசையில் மனம் நிற்கவில்லை. அவர் நல்லா அவமானப்படட்டும். ஆனா தப்புன்னு ஆகுறது என் வில்லைதானே?

15.7.1985
ஜெர்மனிக்கு நானே எழுதினேன், அகராதியை வைத்துக்கொண்டு. அளவுகள் அத்தனையும் திருத்தி, தண்ணீர் விஷயத்தையும் சொல்லி. கீழே என் முழுப் பெயர்.

30.9.1985
பதில் வந்தது. நான் திருத்திய அளவும் அவர்கள் அளவும் ஒத்துப்போகிறதாம். வராந்தாவில் சார் நின்றுகொண்டிருந்தார். தபால்காரர் சேனாதிபதி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “டாக்டர் செல்வமேரின்னு போட்ருக்கு. யாருங்க அது?” என்றார்.
“நான்தாங்க. குடுங்க.”